எல்லன் சாவி

திண்டிவனத்தில் அந்தக் கடைப் படியில் நான் நின்ற நேரத்துக்கு ஒரு உலை அரிசியை வேகவைத்து, வடித்தும் முடித்திருக்கலாம்.

எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எனக்கு முன்னால் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவருக்குச் சுவரில் துளை போடும் பிட்டு. ஒருவருக்கு வெல்டிங் குச்சி. இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நட்டை எடுத்து, "இதுக்கு ஜோடி குடு" என்றார். அவருக்கும் கிடைத்தது. கடைக்குள்ளிருந்து இரும்பும் கிரீஸும் கலந்த வாடை வந்துகொண்டிருந்தது. நான் முந்தானை முடிச்சைப் பிடித்தபடி நின்றேன்.

முடிச்சுக்குள் ஒரு ஸ்க்ரூ இருந்தது. கிராம்பு அளவுதான். பார்க்கவும் கிராம்பு போலவே இருக்கும். மெல்லிய உடம்பு, உருண்டைத் தலை, தலை நடுவில் ஆறு மூலை வைத்த ஒரு குழி. அந்தக் குழிக்குள் சரியாகப் போய் உட்காருகிற சாவி எனக்கு வேண்டும்.

கல்லாவில் ஒரு பெண் இருந்தாள். என் மகள் வயது இருக்கும். அவளே பார்த்துக் கேட்டாள்.

"இன்னா ஆயா, அப்போ புடிச்சு நிக்கிற? இன்னா வேணும்?"

"எல்லன் சாவி."

"இன்னாது?"

"எல்லன் சாவிம்மா."

பில்லுக்காக இன்னும் நின்றிருந்த வெல்டிங் குச்சிக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏன், எல்லன் அவன் சாவிய தொலைச்சிட்டானா?"

"ஆலன் கீ கேக்குதுண்ணா. நீ கம்முனு இரு" என்று அவரை அடக்கிவிட்டு அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். "வளைஞ்ச கம்பி மாதிரி வேணுமா ஆயா, இல்ல டிரைவர் வேணுமா?"

"டிரைவர் ஊட்ல இருக்காரு. சாவி மட்டும் போதும்."

கடை மொத்தமும் சிரித்தது. அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. காது மடல் இரண்டும் சுட்டது. ஒரு கால் படியிறங்கியும் விட்டது.

ஆனால் வீட்டில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் வெறுங்கையோடு போனால் நாளைக்கும் அப்படியேதான் படுத்திருப்பார். அந்த ஒரு நினைப்பில் இறக்கிய காலை மேலே வைத்தேன்.

கியர் மாட்டிய டிரைவர்

போன வாரம் என் வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்ட கதையைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். படிக்காதவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். ஒரு நாள் காலையில் டீ டம்ளர் கையில் நிற்காமல் கீழே விழுந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "மாத்திரையைவிட நடைதான் மருந்து. தினமும் நடக்க வெச்சா கால் திரும்பி வரும். படுக்க வெச்சா வராது."

நடக்க வைக்க யாரால் முடியும்? முதல் நாள் தெருமுனை வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலது கால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே வந்தது. பால் சொசைட்டி வாசலில் நின்றவர் ஒருவர், "இன்னா டிரைவரே, ரிவர்ஸ் கியர்ல மாட்டிக்கிச்சா?" என்றார். பாசத்தில் கேட்டதுதான். என் வீட்டுக்காரர் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து படுத்தார். மறுநாள் கூப்பிட்டேன். "எல்லாரும் என் காலையே பாக்குறானுங்க" என்றார்.

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்னை நாலு பேர் பார்த்தாலே எனக்குப் புடவைத் தலைப்பு எங்கே இருக்கிறது என்று கை தேடும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் சமையல் கட்டிலேயே சாப்பிட்டு வருகிற ஆள் நான். பார்வை படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மகள் கலா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பாகங்களைப் பூட்டுகிற வேலை. லீவில் வந்தவள் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே ஒரு வண்டி. முழங்கை நீளம் இருக்கும். பெரிய பெரிய ரப்பர் சக்கரம், ஸ்பிரிங், கம்பிப் பம்பர் எல்லாம் வைத்து நிஜ ஜீப்பைச் சுருக்கினது போல இருந்தது. ரிமோட்டில் ஓடும். அவளோடு வேலை செய்கிற ஒருவர் வைத்திருந்ததை வாங்கி வந்திருக்கிறாள்.

"இன்னாடி இது? எனக்கு பொம்மையா?"

"பொம்மை இல்ல நைனா. இது பாறை மேல ஏறுற வண்டி. வேகமாலாம் போவாது. உன்ன மாதிரி பொறுமையா ஓட்டறவங்களுக்குத்தான்."

"நான் பொறுமையா ஓட்டுனேன்னு உனக்கு யாரு சொன்னது?" என்றார். ஆனால் ரிமோட்டைக் கையில் வாங்கிவிட்டார்.

அந்த ரிமோட் துப்பாக்கி மாதிரி இருக்கும். இடது கையில் பிடித்து விசையை இழுக்க வேண்டும். பக்கவாட்டில் சின்ன உருளை ஒன்று. அதை வலது கை விரலால் திருப்பினால் வண்டி திரும்பும். வராத கையும் வேலை செய்துதான் ஆக வேண்டும். கலா அதை யோசித்துத்தான் வாங்கினாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் அழுதுவிடுவாள்.

பாறைக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரைக்குப் போகிற வழியெல்லாம் பாறைதான், கொட்டி வைத்த மாதிரி. இரண்டாவது நாளே அவர் வண்டியை அங்கே கொண்டுபோகச் சொன்னார். வண்டி முன்னால் ஊர்ந்து போனது. ஒரு கல்லில் முன் சக்கரத்தை வைத்து, யோசிப்பது போல நின்று, மெல்ல ஏறியது. அது போன திசையில் அவர் போனார். காலை இழுத்துக்கொண்டுதான் போனார். ஆனால் போனார்.

வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வண்டியைத்தான் பார்த்தார்கள். அவர் காலை ஒருவரும் பார்க்கவில்லை. பின்னால் தண்ணீர் பாட்டிலோடு போன என்னையும் பார்க்கவில்லை. எங்கள் ஊர் மலைக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த குரங்குகூட அவரை விட்டுவிட்டு வண்டியையே முறைத்தது. அது ஒரு தரம் வண்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ள, அவர் "ஏய், ஒதுங்குடா, ஹாரன் இல்லாத வண்டி" என்று கத்தினார். எத்தனை நாள் கழித்து அந்தக் குரல்!

எந்த எல்லன்?

பாறையில் ஓடுகிற வண்டிக்கு ஸ்க்ரூ தளராமல் இருக்குமா? ஒரு நாள் மாலை வந்து உட்கார்ந்ததும் கேட்டார்.

"இந்தாமே, எல்லன் சாவி எங்க?"

"எந்த எல்லன்?"

"எல்லன் சாவிமே!"

"கீழத்தெரு எல்லனா? அவன் ஊட்டு சாவி நம்மகிட்ட எதுக்கு இருக்கப் போவுது? அவன் பொண்டாட்டி ஊர்லதானே இருக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்த நேரம் அது. கோணின வாயோடு சிரிக்க ஆரம்பித்தவர், இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கை கால் விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்குச் சாவி தெரியாமல் போனது அப்படி ஒரு நல்ல காரியமாக ஆகிவிட்டது.

லாரி ஓட்டுகிறவர்கள், மெக்கானிக்குகள் எல்லாரும் அதை அப்படித்தான் சொல்வார்களாம். ஆலன் கீ என்பதுதான் வாய்க்கு வாய் மாறி எல்லன் கீ ஆகி, அவர் வாயில் எல்லன் சாவி ஆகிவிட்டது. என் பெயர் எல்லம்மாள். எங்கள் பக்கம் எல்லன், எல்லம்மா என்று தெருவுக்கு நாலு பேர் உண்டு. வேறு எப்படி நினைப்பேன் சொல்லுங்கள்.

சாவி அவருடைய பழைய லாரிப் பெட்டியில் இருந்தது. பேனாக் கத்தி போல மடக்குகிற கொத்து. ஒவ்வொன்றாக விரித்தால் சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் ஆறு மூலைக் கம்பிகள். அது அவரோடு எத்தனையோ ஊர் சுற்றியது. அதைத் தொட்டதும் அவர் முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சாவிதான் வினையாகவும் ஆனது.

கொஞ்ச நாளில் வண்டி பாறையில் ஏறும்போது "கடகட" என்று பல் தட்டுகிற சத்தம் வந்தது. மோட்டார் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. மோட்டாரைப் பிடித்திருக்கிற இரண்டு ஸ்க்ரூவில் மேலே உள்ளது தளர்ந்து, பல்சக்கரங்கள் பல்லோடு பல் சேராமல் விலகிவிட்டன என்று அவரே கண்டுபிடித்தார். கழற்றி, நகர்த்தி வைத்து, மறுபடி இறுக்க வேண்டும். மேல் ஸ்க்ரூ கழன்று வந்துவிட்டது. கீழ் ஸ்க்ரூ வரவில்லை. அவர் இடது கையால் முறுக்கினார். சாவி வழுக்கிச் சுற்றியது. மறுபடி முறுக்கினார். குழியின் மூலைகள் மழுங்குவது எனக்கே தெரிந்தது.

"உடுங்க, கலா வரட்டும்."

"லாரியையே கழட்டுன சாவி இது. இந்தப் பொடிப்பய வண்டிக்கு மசியாதா?"

மசியவில்லை. சாவியைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் வெயில் வருவதற்கு முன்னால் கூப்பிட்டேன். வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கூப்பிட்டதற்கு, "வண்டி இல்லாம நான் மட்டும் போயி இன்னாத்த ஓட்டறது?" என்றார். வலது கால் விரல்கள் கொஞ்சம் மடங்க ஆரம்பித்திருந்தன. நான் எண்ணெய் தேய்க்கும்போது பார்த்தேன், அவை மறுபடி விறைத்துக் கிடந்தன.

டேப்பின் இரண்டு பக்கம்

கொல்லைப்புறம் போய் கலாவுக்குப் போன் செய்தேன்.

"எம்மா, நைனா எந்தச் சாவிய போட்டுச்சு? அதுல இன்னா எழுதியிருக்குது பாரு."

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வந்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தேன். ஐந்தாவது வரைக்கும் படித்ததில் பின்னக் கணக்கு எனக்குப் பிடிக்கும். "மேல மூணு, நடுவுல சாய்ஞ்ச கோடு, கீழ முப்பத்திரண்டு."

"அய்யோ, அது இஞ்சு சாவிமா! வண்டியில இருக்குறது மில்லிமீட்டர். ரெண்டரை மில்லி."

"ரெண்டும் ஒரே மாதிரிதானேடி இருக்குது."

"ஒரு மயிரிழை கம்மி. அந்த மயிரிழைதான் உள்ள ஆடிக்கினே இருந்து மூலைய தின்னுடும். நீ ஜாக்கெட் தைக்கிற டேப்புல ஒரு பக்கம் இஞ்சு, ஒரு பக்கம் சென்டிமீட்டர் இருக்குதில்ல? பக்கம் மாத்தி அளந்தா ஜாக்கெட் இன்னா ஆவும்?"

அதைச் சொன்னதும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. லாரி காலத்துப் பெட்டி இஞ்சில் பேசுகிறது, வண்டி மில்லியில் பேசுகிறது.

கலா ஆன்லைனில் போடுகிறேன் என்றாள். வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ. விறைத்த விரலைப் பார்த்த பிறகு எனக்குக் காத்திருக்கத் தெம்பில்லை. எங்கள் ஊர் ஹார்டுவேர் கடைக்காரர், "அவ்ளோ சின்னது இங்க வராதுமா, திண்டிவனம் போயி பாரு" என்றார். கழன்று வந்த மேல் ஸ்க்ரூவை முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டில் பொங்கி வழிந்தது. வாழ்க்கையில் தனியாகப் போய் இரும்புக் கடையில் நான் ஒரு பொருள் வாங்கியதில்லை.

நகத்தால் பார்த்தது

இப்போது அந்தக் கடைப் படிக்கு வருகிறேன்.

கடைக்குள் ஏறி, முடிச்சை அவிழ்த்து ஸ்க்ரூவைக் கல்லா மேல் வைத்தேன். "இதுக்கு ரெண்டரை மில்லி வேணும். இஞ்சு வேணாம்."

சிரிப்பு நின்றது. அந்தப் பெண், "அப்பிடிச் சொல்லு" என்று மூன்று சாவியை எடுத்து வைத்தாள். அப்போதுதான் டிரைவர் என்றால் என்ன என்று தெரிந்தது. திருப்புளி மாதிரி கைப்பிடி வைத்ததற்குத்தான் அந்தப் பெயர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்று வளைந்த கம்பி. அதை ஒதுக்கிவிட்டேன். ஒரு கையாலே திருப்ப அது சரிப்படாது. இன்னொன்று முனையெல்லாம் தங்க நிறத்தில் பளபளத்தது. முனையில் சின்னக் குண்டு போல உருட்டிவிட்டிருந்தார்கள். மூன்றாவது சாம்பல் நிறம், பார்க்க ஒன்றுமில்லாதது போல இருந்தது.

"தங்கக் கலரு நல்லாத்தான் போவுது" என்றாள்.

எனக்கு என் நைனா ஞாபகம் வந்தார். கல் உடைக்கிற வேலை அவருக்கு. புது உளி வாங்கினால் அதன் பளபளப்பை அவர் பார்க்கவே மாட்டார். முனை ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்பார். ஓரம் நகத்தைச் சுரண்டினால் வைத்துக்கொள்வார், வழுக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "மெத்துனு இருந்தா மடங்கும், ரொம்ப முறுக்கா இருந்தா தெறிக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும்" என்பார். தெறித்த உளித் துண்டு ஒன்று அவர் புருவத்தில் தழும்பாக இருந்தது. நான் சின்னப் பிள்ளையில் அதைத் தடவிக்கொண்டே தூங்குவேன்.

நானும் நகத்தை வைத்தேன். தங்க நிறம் வழுக்கியது. சாம்பல் நிறத்தின் ஆறு ஓரமும் நகத்தைப் பிடித்தன.

ஸ்க்ரூவை மாட்டித் தலைகீழாகப் பிடித்தேன். தங்க நிறத்திலிருந்து ஸ்க்ரூ விழுந்து உருண்டது. அந்தப் பெண் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். சாம்பல் நிறத்தில் அது ஒட்டிக்கொண்டது போல நின்றது. ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

"குண்டு முனை எதுக்கும்மா?"

"நேரா கை போவாத எடத்துல சாய்ச்சி திருப்பறதுக்கு ஆயா. ஆனா இறுகிப் போனதுக்கு அத போடக் கூடாது. கொஞ்சூண்டு எடத்துலதான் புடிக்கும், பிச்சிக்கினு வந்துடும். இதுன்னா முழுசா உள்ள போயி உக்காரும். முனை தேஞ்சாலும் முனைய மட்டும் கழட்டி வேற போட்டுக்கலாம். கைப்பிடி அப்பிடியே இருக்கும்."

கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் பருமன். வரி வரியாகக் கீறியிருந்ததால் எண்ணெய்க் கையிலும் வழுக்காது. இதைவிடப் பெருத்த பிடியும் வைத்திருந்தாள். ஆனால் கிராம்பு அளவு ஸ்க்ரூவுக்கு உலக்கைப் பிடி எதற்கு? கை பலம் கூடினால் ஸ்க்ரூதான் பிய்யும்.

அதன் தலைப்பக்கம் ஒரு மூடி தனியாகச் சுழன்றது. எதற்கு என்று யோசித்தேன். உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, விரலால் மட்டும் கீழே திருப்பலாம். முறுக்குகிற பலம் வேண்டாம். அழுத்தினால் போதும். அதைக் கல்லா மேல் ஊன்றி, வலது உள்ளங்கையால் அழுத்தித் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னா ஆயா, புடிக்கலியா?"

"இதுதான் வேணும்."

"செட்டா பன்னெண்டு வருது, எடுத்துக்கிறியா?"

வேண்டாம் என்றேன். வண்டியில் இருப்பது ஒன்றரை, இரண்டு, இரண்டரை. கலா சொல்லியிருந்தாள். அந்த மூன்றும் போதும். பெட்டி நிறைய வாங்கி வந்து, எது எதற்கு என்று தேடித் தப்பாகப் போடவா?

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டாள். "ஆமா, ஊட்ல இருக்குற டிரைவர் யாரு?"

"என் வீட்டுக்காரரு" என்றேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

ஊக்கு

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி வெயில். அவர் சுவர்ப் பக்கமே படுத்திருந்தார். நான் வண்டியை எடுத்துத் தரையில் துணி விரித்து வைத்தேன். சாவியின் உறையைப் பிரித்தபோது சத்தம் கேட்டது போலிருக்கிறது.

"இன்னாமே அது?"

"எல்லன் சாவி."

"நம்மகிட்டதான் இருக்குதே."

"அது இஞ்சு. இது மில்லி."

கொஞ்சம் கழித்துக் கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிவிட்டார்.

சாவியைக் கீழ் ஸ்க்ரூவில் வைத்தேன். உள்ளே போகவில்லை. என் உயிரே போய்விட்டது. அவ்வளவு தூரம் போய் வாங்கினது! மூலையெல்லாம் மழுங்கிப்போய் இனி எதுவும் பிடிக்காதோ என்று நினைத்தேன்.

"குழியில மண்ணு" என்றார் அவர், கட்டிலிலிருந்தே. "செம்மண்ணு அடைச்சிக்கினு இருக்கும். நான் பாக்கவேயில்ல."

என் கை தாலிச் சரட்டுக்குப் போனது. எங்கள் பக்கம் பெண்கள் எல்லாரும் அதில் இரண்டு மூன்று ஊக்கு மாட்டியிருப்போம். பாவாடை நாடா கோக்க, முள் எடுக்க, அறுந்த கொக்கிக்குப் போட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். சின்ன ஊக்காக எடுத்துக் குழிக்குள் விட்டுக் கிளறினேன். இறுகின செம்மண் துகள் துகளாக வந்தது. ஊதினேன். மறுபடி கிளறினேன். மழுங்கியிருந்தது மேல் பாதிதான். பழைய சாவி மண்ணுக்கு மேலேயே நின்று சுற்றியிருக்கிறது. அடியில் ஆறு மூலையும் அப்படியே இருந்தன.

"ஸ்க்ரூல பசை போட்டிருப்பாங்க, லூசாவாம இருக்க" என்றார். "சூடு காட்டுனா இளகும். ஆணி இருக்குதா?"

அடுப்பில் ஒரு ஆணியைக் காய்ச்சி, இடுக்கியில் பிடித்து ஸ்க்ரூ தலையில் வைத்தேன். ஒரு மாதிரி கசப்பு வாடை வந்தது. அவர் இதற்குள் சுவரைப் பிடித்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். வண்டியை இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான் சாவியை வைத்தேன். அடி வரைக்கும் போய் உட்கார்ந்தது தெரிந்தது. அழுத்தித் திருப்பினேன்.

"டிக்" என்றது.

நான் ஒடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர், "வந்துட்டான்!" என்றார். அடுத்த திருப்பு வழவழவென்று வந்தது.

அதுவரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். விட்ட மூச்சில் தரையில் கிடந்த செம்மண் தூள் பறந்து அவர் மூக்கில் ஏற, அவர் தும்மினார். இரண்டு பேரும் சிரித்தோம்.

மோட்டாரைக் கொஞ்சம் நகர்த்தி, பல்லுக்கு இடையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் பொருத்தச் சொன்னார். காகிதம் கனத்துக்கு இடைவெளி இருந்தால் போதுமாம். பொருத்தினேன். பிறகு சாவியை அவர் வலது கையில் வைத்தேன்.

"என்னால ஆவாதுமே."

"முறுக்க வேணாம். மேல அந்த மூடி சுத்துது பாருங்க. உள்ளங்கைய வெச்சி அழுத்துங்க. விரலு மட்டும் திருப்பட்டும்."

உள்ளங்கையை வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாகக் கைப்பிடியைச் சுற்றி மடங்கின. கைப்பிடி கொஞ்சம் திரும்பியது. மறுபடி கொஞ்சம். பொழுது சாய்கிற வரைக்கும் இரண்டு ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போகவில்லை. காபி போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை

வெயில் ஏறும் முன்னால் அவரே செருப்பைத் தேடினார்.

ஏரிக்கரைப் பாறையில் வண்டி ஏறியது. கடகட சத்தம் இல்லை. எப்போதும் திரும்புகிற வேப்பமரத்தைத் தாண்டியும் போனது. அவரும் தாண்டிப் போனார். நான் மரத்தடியிலேயே நின்றுவிட்டேன். அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அங்கிருந்து திரும்பிச் சத்தம் போட்டார்.

"எல்லம்மா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து 'இந்தாமே', 'இன்னாமே' தான். என் பெயரை அவர் வாயால் கேட்டதே இல்லை. ஏரியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று பாறை மேல் ஏறி ஓடினேன்.

"இன்னாங்க? இன்னா ஆச்சி?"

"உன்ன யாரு கூப்ட்டா? சக்கரம் லூசா இருக்குது. அந்தச் சாவிய எடு. எல்லன் சாவின்னு சொன்னாத்தான் கீழத்தெருவுக்குப் போயிடுவியே."

அன்றிலிருந்து அந்தச் சாவிக்கு எல்லம்மா என்றுதான் பெயர். ஒரு நாளைக்குப் பத்து தரமாவது கூப்பிடுகிறார். சாவிக்கா, எனக்கா என்று நான் கேட்பதில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே போய் நிற்கிறோம்.